சோலையழகிக்குப் பூ வைத்த வெள்ளிக்கிழமை

தயாரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் மதுரையில் என் சைக்கிள் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, நெருக்கடியான நேரத்துல எப்படி முடிவெடுக்கணும்? உங்க அனுபவத்துலேருந்து எழுதிக் கொடுங்க" என்றார். மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதிலிருந்தே என்னைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

நான் நெருக்கடிகளைச் சமாளித்ததாக ஸ்டூடியோக்களில் சில கதைகள் உலவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியவன் நான்தான். உண்மை வேறு. நெருக்கடி வந்தால் முதலில் எனக்கு உள்ளங்கால் வியர்க்கும். செருப்பு வழுக்கும். அடுத்தபடியாக வாய் விவரம் சேர்க்கத் தொடங்கும். சாதாரண மனிதன் பயந்தால் ஒரு பொய் சொல்வான். நான் அந்தப் பொய்க்கு ஊர், பேர், வைத்தியர், வைத்தியர் சொன்ன பத்தியம் எல்லாம் வைத்துக்கொடுப்பேன். படப்பிடிப்புக்குக் குதிரை வரத் தாமதமானதற்குக் காரணம் சொல்லப் போய், குதிரைக்காரன் மகளுக்குச் சீமந்தம் என்று ஆரம்பித்து, கடைசியில் சீமந்தமே குதிரைக்குத்தான் என்பதுபோல் முடித்த ஆள் நான். ஆகவே நான் செய்ததைச் செய்யாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டைரக்டர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் "வாய்யா" என்பார். சின்னத் தப்புச் செய்திருந்தால் "வாங்க." பெரிய தப்பு என்றால் "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" இருபது வருஷத்தில் அந்தக் காப்பியை நான் இரண்டு முறை குடித்திருக்கிறேன். அதில் ஒன்றைப் பற்றித்தான் இது.

அறுபதுகளின் நடுவில் ஒரு படம். தயாரிப்பாளர் அருப்புக்கோட்டைக்காரர், நூல் வியாபாரக் குடும்பம். அவர் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த ஒரு கதையைப் படமாக்க ஆசைப்பட்டார். திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில் ஒரு ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல், பருத்தி, கம்பு, வெள்ளாடு. நாலு மரம் சேர்ந்தாற்போல் நிற்காத அந்த ஊரில் கும்பிடும் பெண்ணுக்குப் பெயர் சோலையழகி.

எந்தக் காலத்திலோ ஒரு படை அந்த வழியாகப் போனதாம். கண்மாயில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட நின்றார்கள். சோலையழகி குடத்தோடு கரைமேல் நடந்து வந்தாள். பார்த்த தளபதி அன்றைக்குப் புறப்படவில்லை. மறுநாளும் புறப்படவில்லை. மூன்றாம் நாள் போர் இவர்களுக்காகக் காத்திருந்து அலுத்து முடிந்தே போய்விட்டது. பார்வைகளைச் சுமந்து அலுத்துப்போன சோலையழகி நாலாம் நாள் கிணற்றுப் படியில் இறங்கினாள், ஏறவில்லை. கல்யாணப் பேச்சு முடிந்து பூ வைக்கும் முன்னால் போய்விட்ட பெண் என்பதால், ஊர்ப் பெண்கள் வருஷா வருஷம் அந்தக் கிணற்று மேட்டில் அவளுக்குப் பூ வைக்கிறார்கள். அங்கே சிலை கிடையாது. ஒரு கல், ஒரு விளக்கு. அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள், ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போகாது.

இந்த வேஷத்துக்கு யார்? விநியோகஸ்தர்கள் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னார்கள். அப்போது தமிழ்நாடே கொண்டாடிய கதாநாயகி. அவர் பெயரையும் சொல்லமாட்டேன், இன்றும் சௌக்கியமாக இருக்கிறார், செல்வாக்கும் குறையவில்லை. "அம்மா" என்றே வைத்துக்கொள்வோம். டைரக்டரிடம் கேட்டேன், "ம்" என்றார். அந்த "ம்"முக்குள் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

படத்துக்கு நான்தான் புரொடக்ஷன் மேனேஜர், ஊரில் அனுமதி கேட்கப் போனேன். கிணறு, கண்மாய்க்கரை, வண்டிமாடு, கூட்டத்தில் நிற்க ஆட்கள், எல்லாமே அந்த ஊர்தான் தரவேண்டும். ஆண்கள் உடனே சரி என்றார்கள். நான் எழுந்துகொள்ளும்போது, "ஆனா பொம்பளைக சொல்லணும்" என்றார்கள். பெண்கள் சார்பில் பேசியவர் காளியம்மா. நாற்பது வயது இருக்கும். பருத்தி எடுக்கப் போகும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் முன்னத்தி. அவர் நின்றால் முப்பது பேர் நிற்பார்கள், நடந்தால் முப்பது பேர் நடப்பார்கள்.

"சோலையழகி எங்க வீட்டுப் பிள்ளை," என்றார். "அவளா நடிக்கப் போறவள நாங்க பாக்க வேணாமா?"

"பாருங்க, பாருங்க. ஷூட்டிங் நடக்கும்போது கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு தாராளமாப் பாக்கலாம்."

"அது வேடிக்கை. நாஞ் சொல்றது பொண்ணு பாக்குறது. முறையாப் பாத்து, பிடிச்சிருந்தாப் பூ வைப்போம். பூ வச்ச பெறகு கிணத்தையும் எடுத்துக்கோங்க, கம்மாயையும் எடுத்துக்கோங்க."

கார்த்திகை மாதக் கடைசி வெள்ளி என்று நாள் குறித்தார்கள். அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் யாரும் பூ வைக்க மாட்டார்கள். தைக்குக் காத்திருக்கலாம், கண்மாய் காத்திருக்காது. மழைத் தண்ணீர் தினமும் உள்வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் விளிம்பில் நான் ஒரு கம்பு நட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் போய்ப் பார்ப்பேன். கம்பு அங்கேயே நிற்கும், தண்ணீர் மட்டும் என்னைப் பார்த்துப் பின்வாங்கியிருக்கும். தண்ணீர் இல்லாத கண்மாயில் படையும் நிற்காது, கதையும் நிற்காது, என் வேலையும் நிற்காது.

வியாழக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு வேறு படத்தில் வேலை இழுத்துக்கொண்டதாம். டைரக்டரும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள்.

உள்ளங்கால் வியர்த்தது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. இரண்டு மைல் நடந்து போய்க் காளியம்மாவிடம், "ஆள் வரலை, என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். தம்பிமார்களே, சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. எனக்கு வந்தது ராஜாமணி.

ராஜாமணி அம்மாவுக்கு டூப். அதாவது தூரத்து ஷாட்டுகளில் அம்மாவுக்குப் பதிலாக நடந்து போகிறவள். (இன்று "அவர்" என்றுதான் எழுத வேண்டும். அன்றைக்கு எனக்கு ராஜாமணி அவள்தான்.) சாத்தூர்ப் பக்கம் பிறந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்தவள். எத்தனையோ படங்களில் எத்தனையோ கதாநாயகிகளுக்காக நடந்திருக்கிறாள், ஓடியிருக்கிறாள், மலையேறியிருக்கிறாள். ஒரு படத்திலும் முகம் வந்ததில்லை. உடுப்புக்காரர்களோடு முன்கூட்டியே வந்து திருச்சுழிச் சத்திரத்தில் தங்கியிருந்தாள்.

"ராஜாமணி, நாளைக்கு ஒரு அரை மணி நேரம் நீ அம்மாவா இருக்கணும்."

"எவ்வளவு தூரத்துலண்ணே?"

"பக்கத்துல."

அவள் என்னையே பார்த்தாள். "அண்ணே, இத்தனை வருஷமா என் முதுகுதான் நடிச்சிருக்கு. மூஞ்சிக்கு ஒத்திகையே கிடையாது."

"ஊர் சனம் அம்மாவ எங்க பாத்திருக்கப் போகுது? பட்டுச் சேலையைக் கட்டு, தலையைக் குனிஞ்சு உக்காரு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"வேணாம்ணே. மாட்டிக்கிட்டா உங்களுக்குத் திட்டு விழும், எனக்கு வேலை போயிரும்."

"உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றேன். என் வேலைக்கே நான் பொறுப்பாக இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை காளியம்மா வீட்டில் பாய் விரித்திருந்தது. முப்பது பெண்கள். கருப்பட்டிக் காப்பி, தட்டு நிறையச் சேவு. ராஜாமணியை நடுவில் உட்கார வைத்தார்கள். என்னைச் சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே ஏதோ ஒரு காலண்டர் காற்றில் படபடத்தது. நான் நிமிரவில்லை. என் கண்ணெல்லாம் காளியம்மா மேல்தான்.

அவர் ராஜாமணியை மேலும் கீழும் பார்த்தார். "படத்துல பாக்கறதுக்கு நல்லாச் செவேல்னு இருப்பாகன்னு சொன்னாகளே?"

"வெயிலும்மா" என்றேன்.

"நேத்துச் சாயங்காலம்தான வந்ததாச் சொன்னீக?"

"அது... ரயில்ல சன்னலோரம் உக்காந்து வந்தாக."

"ஓகோ. கொஞ்சம் இளைச்சாப்புலயும் இருக்காக."

"மஞ்சக் காமாலை வந்துச்சு. போன மாசம். வேலூர்ல ஒரு வைத்தியரு. கீழாநெல்லி. உப்பு, புளி கூடாது. தலையில எண்ணெய் வைக்கக் கூடாது, அதான் முடி கொஞ்சம்..."

"முடி நல்லாத்தான இருக்கு?"

"அதான் ஆச்சரியம்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். இருமல் என்று நினைத்தேன். பாவம், கரிசல் புழுதி. ராஜாமணி தலையைக் குனிந்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'போதும்ணே' என்கிற பார்வை. ஆனால் எனக்கு வைத்தியருடைய மருமகனைப் பற்றிக்கூடச் சொல்ல விஷயம் மிச்சமிருந்தது.

காளியம்மா எழுந்தார். "சரி தாயி. உக்காந்தே இருந்தா எப்படி? கிணத்துல ஒரு கொடம் எறச்சு, கம்மாக்கரையில நடந்து வா, பாப்போம்."

எல்லாரும் போனோம். ராஜாமணி வாளியைக் கிணற்றில் விட்டாள். கயிறு அவள் கையில் ஓடிய விதத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வாளித் தண்ணீரில் ஒரு கை எடுத்து அந்தக் கல்லுக்கு ஊற்றினாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரைமேல் நடந்தாள். போகும்போது முதுகு. அது எனக்குத் தெரிந்த ராஜாமணி, நூறு தடவை பார்த்தது. கரை முடிவில் திரும்பி எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தாள்.

எப்படிச் சொல்வது? தலையை நிமிர்த்தியிருந்தாள். பட்டுச் சேலையை வரிந்து செருகியிருந்தாள். பின்னால் வற்றிக்கொண்டிருந்த தண்ணீர், ஒரு காலைத் தூக்கிய நாரை, காலை வெயில். என்னிடம் ஆரம்பித்து முப்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டோம். சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்த பெண் அதை எடுக்க மறந்துவிட்டாள். நான் வாயை மூடுவதே ஒரு சம்பவம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் வந்து குடத்தை இறக்கினாள். காளியம்மா ஒரு முழம் அருப்புக்கோட்டை மல்லியை எடுத்து அவள் தலையில் வைத்தார். குலவைச் சத்தம் எழுந்தது. "பூ வச்சாச்சு," என்றார் காளியம்மா. "இனி இவதான் சோலையழகி. வேற ஆளு கெடையாது."

"அண்ணே, இப்பவாவது சொல்லிருங்க" என்று ராஜாமணி என் பக்கம் குனிந்து சொன்னாள்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சேவுத் தட்டை நீட்டினார்கள். ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள், "இந்தப் பூவ என்ன பண்ண?"

"வாடினா எடுத்துப் போட்டுரு."

"வாடுனாலும் வச்சது வச்சதுதாண்ணே. எங்க ஊருலயும் அப்படித்தான். மாத்துனா ஊரு சும்மா இருக்காது."

அன்றும் மறுநாளும் நான் என்னென்ன திட்டம் போட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பொழுது போகும். பயன் இருக்காது. கடைசியில் போட்ட திட்டம், திட்டமே போடாமல் இருப்பது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சத்திரத்து வாசலில் கார் வந்து நின்றது. எனக்கு முன்னால் காளியம்மாவும் பத்துப் பெண்களும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். சந்தைக்கு வந்த வழியில் எட்டிப் பார்க்க வந்தார்களாம். டைரக்டர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அம்மா இறங்கினார்.

காளியம்மா என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டார்: "இவுக யாரு, மேனேஜரு?"

தம்பிமார்களே, உங்கள் மூளை நின்றுபோய் வாய் மட்டும் ஓடும் ஒரு கணம் உங்கள் வாழ்க்கையிலும் வரும். அப்போது தயவுசெய்து சேவு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். அன்று என் கையில் சேவு இல்லை.

"இவுக... அவுக அக்கா" என்றேன்.

ராஜாமணிக்கு முப்பது வயது. அம்மா பத்திரிகைகளில் இருபத்திரண்டு. "அக்கா" என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்து உள்ளே இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். சத்திரத்து வாசலில் ஒரு ஆடு மெல்லுவதைக்கூட நிறுத்தியது.

டைரக்டர் என் தோளில் கை வைத்தார். "வாங்க," என்றார். "உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடுறீங்களா?"

காப்பி வந்தது. டைரக்டர் ஒரு நாற்காலியில். அம்மா ஒரு நாற்காலியில். நான் ஒரு நாற்காலியின் விளிம்பில். ராஜாமணி கதவோரம் நின்றாள். வாடிப்போன மல்லிச் சரம் இன்னும் அவள் தலையில் இருந்தது.

அம்மா அந்தப் பூவைப் பார்த்தார். "ஊரெல்லாம் பூ வச்சுக் குலவை போட்டாங்களாமே, கார் டிரைவர்கிட்டச் சொல்லியிருக்காங்க. என் பேரைச் சொல்லி என் எடத்துல போய் உக்காந்தது இந்தப் பொண்ணுதானா?" குரல் தணிந்துதான் இருந்தது. "யார் யோசனை இது? அவளா வந்து சொன்னாளா? அப்படின்னா இன்னிக்கே பஸ் ஏத்தி அனுப்பிடுங்க. இனிமே எந்தப் படத்துலயும் எனக்கு இவ வேண்டாம்."

அங்கே ஒரு கதவு திறந்திருந்தது, பார்த்தீர்களா? அழகான கதவு. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விவரம்கூடச் சேர்க்க வேண்டாம். ராஜாமணி மறுத்துப் பேச மாட்டாள். பேசினாலும் யார் கேட்பார்கள்? என் வாய் அந்தக் கதவைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டது.

"அது வந்தும்மா, ராஜாமணிதான்..."

அவள் நிமிரவில்லை. இது வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்தமாதிரி நின்றாள். அது என்னைக் குத்தியது. இத்தனை வருஷம் முகத்தை மறைத்தே பிழைத்தவள், இப்போதும் அதையே செய்யத் தயாராக நின்றாள்.

"...ராஜாமணிதான் வேணாம்னு சொன்னா," என்று முடித்தேன். "நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன். மார்கழி வந்துருமேன்னு பயம். வைத்தியரு, காமாலை, அக்கா, எல்லாம் என் பொய். அவ ஒரு வார்த்தையும் சொல்லலை. பஸ் ஏத்தணும்னா என்னை ஏத்துங்க."

"காமாலையா?" என்றார் அம்மா.

"உங்களுக்கு வந்து குணமாயிருச்சும்மா" என்றேன்.

டைரக்டர் தன் காப்பியைக் கீழே வைத்தார். பிறகு காளியம்மாவை உள்ளே கூப்பிட்டார். "அம்மா, எங்க ஆளு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டாரு. மன்னிக்கணும். நீங்க பூ வச்ச பொண்ணு வேற, இவங்க வேற."

"அது அன்னிக்கே தெரியும்யா" என்றார் காளியம்மா.

எனக்குக் காப்பி புரையேறியது.

"ரெட்டியபட்டிக் கொட்டகையில இவுக படம் ஒண்ணு விடாமப் பாக்குறோம். வீரசோழன் ஜவுளிக் கடையில குடுத்த காலண்டர்ல இவுகதான இருக்காக? எங்க வீட்டுச் சுவத்துல வருசம் பூராத் தொங்குறாக. இந்த மனுசன் அதுக்கு நேர் கீழ உக்காந்துதான் அம்புட்டையும் சொன்னாரு. மேல அவுக சிரிக்காக, கீழ இவரு காமாலைங்காரு. நாங்க சிரிப்ப அடக்க முடியாமச் செத்தோம்."

டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மாவின் உதட்டோரமும் அசைந்ததுபோல் இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. எழுந்து காளியம்மாவின் எதிரில் போய் நின்றார்.

"தெரிஞ்சும் ஏன் அவளுக்குப் பூ வச்சீங்க? எனக்கு என்ன குறை?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. தொழில் தெரிந்த ஒருத்தி தொழிலைப் பற்றிக் கேட்ட கேள்வி அது. காளியம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கொறையும் இல்ல தாயி. அம்புட்டு அழகு. ஆனா நீங்க கம்மாக்கரையில நடந்து வந்தீகன்னா, நாங்க எல்லாரும் 'அந்தா, காலண்டர்ல இருக்கறவுக வாராக'ன்னு உங்களத்தான் பாப்போம். சோலையழகிய யாரு பாப்பா? இந்தப் பிள்ள வந்தப்போ, யாருடி இவன்னு பாத்தோம். சோலையழகியையும் அந்தப் படைக்காரக அப்படித்தான பாத்திருப்பாக?"

டைரக்டர் சென்னையில் சொன்ன "ம்" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் இதைத்தான் நினைத்திருக்கிறார், வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வழியில்லை. பருத்தி எடுக்கிற ஒரு பெண்ணுக்கு இருந்தது.

அம்மா சன்னலோரம் போய் நின்றார். திரும்பியபோது டைரக்டரிடம்தான் பேசினார். "கதையில தளபதியோட பொண்டாட்டி ஒருத்தி வர்றா இல்ல? புருஷன் போரையே விட்டுட்டு யாருக்காக நிக்கிறான்னு பார்க்க வர்றவ?"

"ஒரே ஒரு காட்சிம்மா."

"அதை நாலாக்குங்க. நான் பண்றேன். அவளை முதல்ல நான்தான் பார்க்கணும். நான் பார்க்கிறதைப் பார்த்துத்தான் சனங்க நம்பணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா வசனத்துல எங்கயும் 'அக்கா'ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

அருப்புக்கோட்டையிலிருந்து தயாரிப்பாளர் மத்தியானம் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். "போஸ்டர்ல அம்மா முகம் இருக்குமா?"

"இருக்கும்."

"பெருசா?"

"பெருசா."

"அப்ப சரி" என்று சாப்பிடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை கண்மாய்க்கரையில் கேமரா வைத்தோம். என் கம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ராஜாமணி குடத்தோடு நின்றாள், புதுப்பூ வைத்து. டைரக்டர் கை காட்டினார். கேமரா ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதுதான் தாமதம், அவள் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"கட். ராஜாமணி, இந்தப் பக்கம்."

மறுபடியும் ஆரம்பம், மறுபடியும் முதுகு. பழக்கம். கேமராச் சத்தம் கேட்டால் திரும்பிக்கொள்ள வேண்டும் என்றே அவள் உடம்பு படித்திருந்தது. மூன்றாவது முறை அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. ஏதாவது விவரம் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

அம்மா தளபதி மனைவியின் உடுப்போடு எழுந்து போய்க் கேமராவை ஒட்டி நின்றார். "ராஜாமணி, கேமராவை மறந்துடு. என்னைப் பாரு. இத்தனை வருஷமா என் பின்னாடிதானே நடந்தே? இப்ப என்னைப் பார்த்து நட."

அவள் திரும்பினாள், நடந்து வந்தாள். அந்த ஒரு ஷாட்டை நாங்கள் இரண்டாவது தடவை எடுக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற முப்பது பெண்களும் யாரும் சொல்லாமலே குலவையிட்டார்கள். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டைரக்டர் அதை நீக்கவில்லை.

அதற்குப் பிறகு ராஜாமணி யாருக்கும் டூப்பாகப் போகவில்லை. பெரிய நட்சத்திரம் ஆனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஆனால் அவர் நடித்த படங்களில் எல்லாம் அவர் முகம் இருந்தது. போன பொங்கலுக்கு வாழ்த்துப் போட்டிருந்தார். "அண்ணன் உடம்பு எப்படி? காமாலை தேவலையா?" என்று எழுதியிருந்தார்.

மறு வருஷம் படம் வெளியாகி, மற்ற ஊர்களைச் சுற்றிவிட்டு, ரெட்டியபட்டிக் கொட்டகைக்கும் வந்துசேர்ந்தது. நான் ஊருக்குப் போயிருந்தேன். காளியம்மா வீட்டில் அதே பாய், அதே சேவு, அதே முக்காலி. முதல் நாளே முப்பது பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"நல்லாருந்துச்சா?" என்றேன்.

"எங்க பிள்ளை நல்லாத்தான் இருந்தா. அது கெடக்கட்டும், மெட்ராசுல படம் நல்லா ஓடுச்சா?"

உள்ளங்கால் வியர்த்தது. வாய் தயாராகிவிட்டது. நூறு நாள், மாலை, ஊர்வலம், யானை, யானைப்பாகனுக்கு மோதிரம் என்று வரிசையாக வந்து நின்றன. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கும் முன்னால் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மேல பாக்குறீக?"

"தேதி பாக்குறேன்."

"அது போன வருசத்துக் காலண்டரு."

"தெரியும்" என்றேன். "மெட்ராசுல மூணு வாரந்தாம்மா ஓடுச்சு."

காளியம்மா கையிலிருந்த சேவைத் தட்டில் வைத்தார்.

"அப்ப மெட்ராசுக்காரவுகளுக்குப் பொண்ணு பாக்கத் தெரியல" என்றார்.